தையலுக்கு ஒரு விரல்

அளவு தப்பாத கை என்று எங்கள் தெரு முழுக்கப் பெயர் வாங்கிய கை ஒன்று இருந்தது. அந்தக் கை தப்பிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பின்னாளில் அவளே சிரித்தாள். ஆனால் அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டைலரக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிறவள். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரை. கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப்பு தொங்கும்; சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். சன்னலோரம் முக்காலி போட்டு நான் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கூலியோடு இரண்டு வேளை டீ, நாள் முழுக்கப் பேச்சு.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எதை அளந்தாலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டதும், கோட்டுக்கு அப்பால் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, அதற்கும் அப்பால்தான் அடுத்த அளவைத் தொடங்குவாள். "தையலுக்கு ஒரு விரல்" என்பாள். "பிள்ளைங்க வளர்ற வேகத்துக்குத் துணி வளருமா? உள்ள மடிச்சு வெச்சிருந்தாத்தானே அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம்." அவள் தைத்த சட்டையை அண்ணன் போட்டு, தம்பி போட்டு, பிறகும் பிரித்துவிட உள்ளே துணி இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் முந்நூறு வீட்டுப் படி ஏறி இறங்கி மாலையில் வருவார். "மீட்டர்காரரே, ரெண்டு யூனிட் குறைச்சுப் போடுங்களேன்" என்று எவராவது குழைந்தால், "முள்ளு என்ன எனக்கு மாமனா மச்சானா, நான் சொன்னா நகர?" என்பார். அதிகமாகவும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார். நாய்க்குப் பிறகு தெருவில் எல்லோரும் பயந்தது அவருக்குத்தான்.

இந்த இருவருக்கும் ஒரே பெண். ஒல்லியாக, நிமிர்ந்து, எந்தக் கூட்டத்திலும் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுகிற பிள்ளை. ஊசி என்று நான்தான் பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். அதே அளவு ஆசை கணக்கிலும். மற்றப் பிள்ளைகள் சுவரில் நடிகர் படம் ஒட்டும் வயதில் இவள் வட்டம் முக்கோணம் வரைந்து ஒட்டியிருந்தாள்.

நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க, ஓடுகிற பிள்ளைகளுக்கென்று இரண்டு இடம் உண்டு. தங்க இடம், சாப்பாடு, ஓட நல்ல மைதானம், எல்லாம் அவர்களே தருவார்கள். அதற்கு இரண்டு நிபந்தனை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நாலு நிமிஷம் நாற்பத்தைந்து செகண்டுக்குள் ஓடியிருக்க வேண்டும். கடைசிப் பரீட்சையில் எந்தப் பாடத்திலும் எழுபதுக்குக் குறையக் கூடாது. மார்க்கை மட்டும் கொண்டுபோனால் அந்த வாசல் திறக்காது. ஓடுகிற காலை மட்டும் கொண்டுபோனாலும் திறக்காது.

ஓடத்தான் இடமில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பொட்டல் நிலம் கிடந்தது. மீட்டர்காரர் ஆபீசில் கேட்டு அனுமதி வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டுக் கூரையில் ஒழுகல் அடைத்துக்கொண்டிருந்தபோது, டைலரக்காவும் நானும் அதை அளக்கப் போனோம். ஒரு சுற்று இருநூறு மீட்டர். கழுத்திலிருந்த ஒன்றரை மீட்டர் டேப்பைத்தான் எடுத்தாள். நூற்று முப்பத்துமூன்று டேப்பு, மேலே ஒரு அரை மீட்டர். எண்ணிக்கை தப்பாமலிருக்க, ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு பொத்தானை நான் இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றினேன். முட்டி போட்டுப் போட்டு இருவருக்கும் இடுப்பு விட்டுப்போனது. முளைக்குச்சி அடித்து, ஓரம் முழுக்க வெள்ளை நாடா கட்டினோம்.

மாலையில் மீட்டர்காரர் வந்து பார்த்தார். "சரியா அளந்தியா?"

"முப்பது வருஷமா அளக்கறேன். என்கிட்டயா கேக்கறீங்க?"

"இல்ல, ஆபீஸ்ல இரும்பு டேப்பு இருக்கு..."

"கொண்டுவந்து உங்க தலையை அளந்துக்கோங்க" என்றாள். அவர் மேற்கொண்டு பேசவில்லை. புத்தியுள்ள புருஷன்.

அப்படி எட்டு மாதம் ஓடினாள் பிள்ளை. விடிந்தும் விடியாமலும் மூவரும் பொட்டலுக்குப் போவார்கள். ஏழரைச் சுற்று என்பதால் தொடக்கக் கோடு எதிர்ப்பக்கம், முடிவுக் கோடு தொட்டிப் பக்கம். டைலரக்கா தொடக்கத்தில் நின்று வெள்ளைத் துணியை வீசிக் கீழே இறக்குவாள். தொட்டியடியில் மீட்டர்காரர் ஸ்டாப் வாட்சை அமுக்குவார். ஒவ்வொரு சுற்றுக்கும் கத்துவார்: "முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு! முப்பத்தொம்போது, என்ன ஆச்சு?" திரும்பி வந்து அவித்த முட்டை இரண்டு, வாழைப்பழம் ஒன்று, பள்ளிக்கூடம். மாலை வந்து கடையில் வெட்டுமேசைக்கு அடியில், மேசை ஓரத்திலிருந்து ஒரு விளக்கு அங்கே இறங்கித் தொங்கும், துணி மூட்டையில் சாய்ந்து படிப்பு. மறக்கிற சூத்திரத்தை எல்லாம் துண்டுத் துணியில் எழுதிக் குண்டூசியால் சட்டைக் கையில் குத்திக்கொள்வாள். பாதிப் பக்கத்தில் தூங்கிவிடுவாள். ஒருநாள் வேதியியல் வகுப்பில் டீச்சர் எழுப்பி ஏதோ கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே "முப்பத்தெட்டு" என்றாளாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். எங்களிடம் சொல்லி அவளும் சிரித்தாள். ஆனால் அரையாண்டில் வேதியியல் மார்க் வந்தபோது அது அறுபத்தொன்று.

ஓட்டமும் நகரவில்லை. நாலு நாற்பத்தெட்டு. மாதம் முழுக்க நாலு நாற்பத்தெட்டு. காற்றில்லாத நாளில் ஓடினாலும் அதே, முட்டை ஒன்று கூடச் சாப்பிட்டு ஓடினாலும் அதே. ஒருநாள் முடிவுக் கோட்டைத் தாண்டி மண்ணில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தாள். டைலரக்கா அவள் முதுகைத் தடவியபடியே, "இன்னும் கொஞ்சம் கையை வீசியிருக்கலாம்டி" என்றாள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளால் பிற்பாடு அதை மறக்க முடியவில்லை.

அந்த மார்க் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டர்காரர் பேசியது எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"பாப்பா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும். அதுக்குள்ள ஒரு தடவை நாப்பத்தஞ்சு காட்டினா ஓடு, நான் கூட நிக்கறேன். காட்டலைன்னா ஷூ பரண்ல. பரீட்சை முடியற வரைக்கும் புத்தகம்தான்."

"காட்டலைன்னா அந்தக் காலேஜே கிடையாதேப்பா."

"இங்க காலேஜ் இருக்கு."

"அங்கதாம்பா கணக்கு இருக்கு."

"தெரியும்மா. ரெண்டும் போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

பிறகு "சரிப்பா" என்றாள். டைலரக்கா மிதியில் வைத்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள், மெஷின் ஓடவில்லை. என்னிடம் மெல்லச் சொன்னாள்: "ஒரே துணியில ரெண்டு உடுப்பு வெட்டணும்னு நிக்கறா என் பொண்ணு. பத்தாதேன்னு சொல்லவும் மனசு வரல."

திங்கட்கிழமை விசில் சார் வந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். மைதானம் போனபின் அவருக்குப் பிரார்த்தனைக்கு வரிசை நிறுத்துவதுதான் வேலை. அப்போதும் கழுத்தில் விசில் தொங்கும். பழுத்த மனிதர் இல்லை, முப்பது வயதுதான், நல்ல பிள்ளை, ஆனால் அவசரக் குடுக்கை. டீயைக் குடித்துக்கொண்டே ஃபாரத்தைப் பிரித்தார்.

"அக்கா, நேரம் எழுதற எடத்துல நான்தான் கையெழுத்துப் போடணும். நாலு நாப்பத்துநாலுன்னு போட்டுடறேன். மூணு நாலு செகண்டு, கண்ணு சிமிட்டற நேரம். அங்க எப்படியும் திரும்ப ஓட விட்டுப் பாக்கத்தான் போறாங்க. கூப்பிடறதுக்குத்தானே இது?"

டைலரக்காவின் கண் மின்னியது. "அங்க போய் ஓடிடுவா சார்."

"ஓடிடுவா. கூட நல்ல பிள்ளைங்க ஓடினா வேகம் தானா வரும்."

மீட்டர்காரர் அப்போதுதான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சார், மூணு செகண்டு கண்ணு சிமிட்டற நேரம்னா, அவ எட்டு மாசமா எதுக்கு ஓடறா?"

"இல்லைங்க, நான் நல்லதுக்குத்தான்..."

"உங்க நல்ல மனசு தெரியும். வாட்ச் என்ன காட்டுதோ அதை எழுதுங்க. அது நாப்பத்தெட்டுன்னா ஃபாரமே வேணாம்."

"என்னங்க!" என்றாள் டைலரக்கா. "ஊரான் வீட்டு மீட்டரா இது? நம்ம பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன்."

எல்லோரும் ஊசியைப் பார்த்தோம். மேசைக்கு அடியில் இருந்தாள். புத்தகத்திலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்: "பொய் எழுதி அங்க போய் நின்னா, ஓடறப்போ அதையும் சேத்துத் தூக்கிட்டு ஓடணும் சார். எனக்கு ஷூவே கனமா இருக்கு."

விசில் சார் மீதி டீயை அவசரமாகக் குடித்தார். ஃபாரத்தை வைத்துவிட்டுப் போனார். அன்று அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை ஓடினாள். நாலு நாற்பத்தெட்டு. புதன்கிழமை ஓட்டமில்லை, கால் ஆறட்டும் என்று விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பு விடுமுறை என்பதால் பிள்ளை பகலெல்லாம் கடையிலேயே இருந்தாள். அந்தப் புதன்கிழமைதான் துணிக்காரர் வந்தார்.

இந்தத் துணிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தக் கடையிலிருந்து சீருடைத் துணி கொண்டுவருகிறவர். பெரிய மீசை, சின்னக் குரல். ஐந்து வருஷமாக அவருக்கும் டைலரக்காவுக்கும் ஒரே சண்டை. ஐம்பது மீட்டர் உருளை வரும். இவள் அளந்தால் அரை மீட்டருக்கு மேல் குறையும். போனை எடுத்து, "தம்பி, உங்க கடையில எலி இருக்கா? ஒவ்வொரு உருளையிலயும் ஓரத்தைக் கடிச்சுருக்கு" என்று ஆரம்பிப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அன்றைக்கு அவர் நேரில் வந்துவிட்டார். கையில் இரும்பு மீட்டர் கோல்.

"அக்கா, இன்னிக்கு ஒரு முடிவு பண்ணிடுவோம். உங்க கண்ணு முன்னாடி அளக்கறேன்."

"அளங்க. எனக்கும் கண்ணு ரெண்டு இருக்கு."

உருளையை மேசையில் உருட்டி, கோலை வைத்து, நகத்தால் அழுத்தி, அடுத்த கோல். நான் பொத்தான் மாற்றினேன். சரியாக ஐம்பது. துணிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உங்க கோல் குட்டை" என்றாள் டைலரக்கா.

"முத்திரை குத்தின கோல்க்கா!"

"முத்திரை குத்தினா வளந்துடுமா?"

"உங்க டேப்பு இழுபட்டுப் போயிருக்கும்க்கா. ரப்பர் மாதிரி ஆகியிருக்கும்."

"போன மாசம் வாங்கின டேப்பு!"

மேசைக்கு அடியிலிருந்து ஊசி எழுந்து வந்தாள். அம்மா கழுத்திலிருந்து டேப்பை உருவிக் கோலோடு சேர்த்து வைத்தாள். நூறு சென்டிமீட்டருக்கு நூறு சென்டிமீட்டர், மயிரிழை வித்தியாசமில்லை.

"கோலும் சரி, டேப்பும் சரி" என்றாள். கணக்குப் பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. "அப்ப எதும்மா தப்பு? நீ ஒரு தடவை அள, நான் பாக்கறேன்."

டைலரக்கா அளந்தாள். டேப்பை நீட்டினாள், சுண்ணக்கட்டியால் கோடு, கோட்டுக்கு அப்பால் ஆள்காட்டி விரல், விரலுக்கு அப்பால் டேப்பின் முனை. கோடு, விரல், டேப்பு. கோடு, விரல், டேப்பு. பேசிக்கொண்டே அளந்தாள், கை தன்பாட்டுக்குப் போனது. மூச்சு விடுவதை யார் கவனிப்பார்கள்? வெட்டுத்துணிக்கு விடவேண்டிய விரலை அவள் எங்கும் விட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தோராவது டேப்பில் நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துப் போயிருந்தது. எனக்கும் அப்போதுதான் சுருக்கென்றது.

"பாத்தியா, குறையுது!" என்றாள் டைலரக்கா வெற்றியோடு.

துணிக்காரர் ஊசியைப் பார்த்தார். "என்னம்மா, படிச்ச பிள்ளை நீ சொல்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "தெரியலைங்க அண்ணே" என்றாள். "ஈரத்துக்குத் துணி சுருங்கியிருக்கும்."

ஐந்து நிமிஷத்துக்கு முன் அளந்த துணி எந்த ஈரத்துக்குச் சுருங்கும்? அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். வெளி ஆள் முன்னால் அம்மா விரலைக் காட்டிக்கொடுக்காத பிள்ளையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு டைலரக்கா கண்ணயர்ந்த நேரம், ஊசி என் தோளைத் தொட்டாள். "அத்தை, பொத்தான் டப்பாவை எடுத்துட்டு வாங்க."

உச்சி வெயிலில் அந்தப் பொட்டலை மறுபடி அளந்தோம். இந்தத் தடவை டேப்பு பிள்ளையின் கையில். கோட்டின் மேலேயே முனையை வைத்தாள்; விரல் இல்லை. நூற்று முப்பத்துமூன்று பொத்தான் அந்த டப்பாவுக்குப் போனது. முடிவுக் கோடு இன்னும் வரவில்லை. நூற்று முப்பத்துநாலு. நூற்று முப்பத்தைந்து. பிறகும் ஒரு சாண் மிச்சம்.

மண்ணில் உட்கார்ந்து குச்சியால் கணக்குப் போட்டாள். "ஒரு விரல் ரெண்டு சென்டி. நூத்தி முப்பத்துமூணு விரல். சுத்துக்கு ரெண்டரை மீட்டருக்கு மேல கூடுதல். ஏழரைச் சுத்துக்கு இருபது மீட்டர் அத்தை. நான் ஆயிரத்து ஐந்நூறு ஓடல. ஆயிரத்து ஐந்நூத்தி இருபது ஓடிட்டிருக்கேன்."

"இருபது மீட்டருக்கு எவ்வளவு நேரமாகும்?"

"நாலு செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி." எழுதி முடித்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு நாற்பத்துநாலு. நான் நினைத்தேன், குதிப்பாள், கத்துவாள் என்று. அவளோ அந்தக் கணக்கைக் காலால் அழித்தாள்.

"ஏன்டி தங்கம்?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

சொன்னாள். சாயங்காலம் அப்பா வருவதற்கு முன்பே சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் இரண்டு வெள்ளைப் பொத்தானை வைத்தாள்.

"என்னடி இது?"

"சுத்துக்கு ரெண்டு பொத்தான் கூடுதலா இருக்கும்மா."

"எந்தச் சுத்து?"

"நீ தையலுக்கு விட்டிருக்கேம்மா. பொட்டல்ல. ஒவ்வொரு டேப்புக்கும்."

டைலரக்கா பொத்தானைப் பார்த்தாள். தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அதை மடக்கிப் பொத்திக்கொண்டாள், யாரோ பறிக்க வந்தது மாதிரி.

"நிலத்துக்கு எதுக்குடி தையல்?" என்றாள்.

"அதத்தாம்மா நானும் கேக்கறேன்."

பிள்ளை சிரிக்கவைக்கத்தான் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எட்டு மாசம்... வாந்தி எடுத்தியேடி. கையை வீசலைன்னு வேற திட்டினேனே. பாவி, என் விரலைத் தூக்கிட்டு ஓடிட்டு இருந்திருக்கே நீ."

"கூடுதலா ஓடினதால யாராவது செத்துப் போனாங்களாம்மா?"

"அறுபத்தொண்ணு வாங்கினே. கால் தேறலைன்னு இன்னும் ஓடி, இன்னும் தூங்கி வழிஞ்சு..."

"அது ஓட்டத்தால இல்லம்மா. எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கல. ஓட்டத்து மேல பழியைப் போட்டா சௌகரியமா இருந்துச்சு, போட்டுட்டேன்." பிள்ளை அதைச் சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்ட மாதிரி நின்றாள்.

மீட்டர்காரர் வந்தார். அவருக்கு டைலரக்காவே சொன்னாள். நின்ற வாக்கில், முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டு, திருடி மாட்டியவள் மாதிரி சொன்னாள். "இரும்பு டேப்பு கொண்டுவரேன்னீங்க. நான்தான் கேக்கல" என்று முடித்தாள். அவர் சத்தம் போடுவார் என்று நான் ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பையைக்கூடக் கழற்றவில்லை. "மீட்டர்ல கோளாறு வரும். எந்த மீட்டர்லயும் வரும்" என்றார். "அதுக்காக மீட்டரையா திட்டுவாங்க? சரி பண்ணிட்டுத் திரும்பப் பாக்கணும்."

"அப்ப நாப்பத்துநாலுன்னு எழுதிடலாமா?" என்றாள் டைலரக்கா.

"அது கணக்கு. ஓட்டம் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில ஓடட்டும்."

"என்னங்க, கணக்கு சரின்னா..."

"கணக்கு சரிதாம்மா" என்றாள் ஊசி. "ஆனா அப்பா சொல்றதும் சரி. கணக்குக்கு மூச்சு வாங்காது."

வியாழக்கிழமை மீட்டர்காரர் ஆபீசிலிருந்து இரும்பு டேப்பு கொண்டுவந்து ஒருமுறை அளந்தார். பிள்ளை சொன்ன அளவுதான். முளைக்குச்சியைப் பிடுங்கி எல்லாம் மாற்ற நேரமில்லை. தொடக்கக் கோட்டை மட்டும் இருபது மீட்டர் முன்னால் நகர்த்தினால் போதும் என்றாள் ஊசி. அன்று மத்தியானம் தூறல் பிடித்தது. வானம் இருட்டிக்கொண்டு, நிற்கவும் இல்லாமல் பெய்யவும் இல்லாமல் நசநசவென்று ஒரு தூறல். டைலரக்கா பத்துத் தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் தைத்த ஒரு காலரும் நேராக இல்லை. மேசைக்கு அடியில் பிள்ளை, எதற்கும் அசையாமல், வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை என்று சொன்னபின் அந்தப் பாடத்தோடு அவளுக்கு ஒரு ராசி வந்துவிட்டது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தூறல் விட்டிருந்தது. மண் ஈரம். நானும் போனேன், விசில் சாரும் வந்தார். ஈர மண்ணில் சுண்ணக்கோடு பிடிக்கவில்லை. டைலரக்கா இடுப்பிலிருந்து வெள்ளை நாடா ஒன்றை எடுத்தாள். இரும்பு டேப்பைத் தானே வாங்கினாள். "நான் பண்ணினது, நானே சரி பண்றேன்." பழைய கோட்டிலிருந்து இருபது மீட்டர் முன்னால் அளந்து, அங்கே முட்டி போட்டு, நாடாவை விரித்து இரண்டு பக்கமும் பெரிய குண்டூசி குத்தினாள். குத்திய பிறகு அவள் ஆள்காட்டி விரல் பழக்கத்தில் தானாக நாடாவுக்கு அப்பால் போய்ப் படுத்தது. மறு கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளைத் துணி இறங்கியது.

ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? பார்ப்பவர்களுக்கு அது ஒரு பெண் சுற்றிச் சுற்றி வருவதுதான். ஈர மண்ணில் ஷூ பதிகிற சத்தம், மூச்சுச் சத்தம், தொட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். மீட்டர்காரர் "முப்பத்தெட்டு" என்றார், "முப்பத்தெட்டு" என்றார். நாலாவது சுற்றில் வளைவில் வழுக்கிக் கையை ஊன்றி எழுந்தாள். "முப்பத்தொம்போது" என்றார் அவர், குரல் மாறாமல். டைலரக்கா வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள். கையை வீசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறாவது சுற்றில் பிள்ளையின் உதடு அசைவதைப் பார்த்தேன். பிறகு கேட்டபோது, தனிமங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்றாள். கடைசிச் சுற்றில் மீட்டர்காரர் எண்ணைக் கத்தவே இல்லை. அவர் கண் வாட்சில் இல்லை, பிள்ளை மேல் இருந்தது.

கோட்டைத் தாண்டினாள். அவர் கட்டைவிரல் அமுங்கியது.

வாட்சைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. பொட்டலின் குறுக்கே நடந்துபோய் எதிர்ப்பக்கத்தில் நின்ற பெண்டாட்டியிடம் நீட்டினார். "நீயே படி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, படித்தாள். "நாலு... நாப்பத்துநாலு. பக்கத்துல ஒரு ஆறு இருக்கு."

விசில் சார் விசிலை எடுத்து ஊதிவிட்டார். தொட்டி மேலிருந்த புறாவெல்லாம் பறந்தது. "நான் திங்கட்கிழமையே இதைத்தானே எழுதறேன்னேன்!" என்றார்.

மீட்டர்காரர் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தார். "அன்னிக்கு எழுதியிருந்தா பொய் சார். இன்னிக்கு எழுதினா நெசம். எண்ணு ஒண்ணுதான்."

ஃபாரம் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் டைலரக்கா போனை எடுத்தாள். "தம்பி, உங்க துணி சரியாத்தான் இருக்கு." அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் கேட்டது: "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்தது. மறு வாரம் அவருக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினாள். மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

முளைக்குச்சிகளை மாற்றி அடிக்க மீட்டர்காரர் சுத்தியலை எடுத்தபோது ஊசி விடவில்லை. "இருக்கட்டும்பா. தினமும் இதுலயே ஓடறேன். நேரம் பாக்கற அன்னிக்கு மட்டும் முன்னாடி நாடா குத்திக்கலாம்."

ஒரு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டு ஓட விட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் போனார்கள். டைலரக்கா போகவில்லை; சீருடை அவசரம் என்றாள், எனக்குத் தெரியும், பயம். மறுநாள் மத்தியானம் இருவரும் வந்து இறங்கினார்கள். பதினோரு பிள்ளைகளில் இரண்டாவது. இடம் உண்டு, மார்க் வந்தால். வேதியியல் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். போகும்போது மடியில் வைத்திருந்த புத்தகத்தை வரும்போதும் மடியில்தான் வைத்திருந்தாள் என்றார் மீட்டர்காரர்.

டைலரக்கா மெஷினை விட்டு எழவில்லை. "எப்படிடி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளை மேசைக்கு அடியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள்.

"கோடு சீக்கிரமே வந்துடுச்சும்மா" என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் இருக்குன்னு நெனைச்சு ஓடறேன், முடிஞ்சுடுச்சு, நில்லுங்கறாங்க. என் காலுக்கு நிக்கவே தெரியல."

டைலரக்கா முகத்தைத் தையல்மேல் கவிழ்த்துக்கொண்டு மிதியை அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடியது. துணி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று, திரும்பி வந்தது. அதில் நூலே கோர்க்கவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.